பதினான்காம் நம்பர் வாசல்

கொருக்குப்பேட்டையில் மணி பன்னிரண்டே முக்கால்.
அவன் நிற்கும் ஊரில்
வெயில் இன்னும் இறங்கவில்லை.
லாண்டரிக் கடை மேஜைமேல்
ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியில் சாய்த்த செல்போனில்
நம்ம ஜெபசீலன்
ஒரு விரல் உயரம்.

மும்முறைத் தாண்டல் என்றால் என்னவென்று
தெருவில் பாதிப் பேருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.
ஓடி வரணும், பலகையை மிதிக்கணும்,
மிதித்த காலிலேயே மறுபடி இறங்கணும், நொண்டி மாதிரி,
அப்புறம் கால் மாத்தி ஒண்ணு,
அதுக்கும் அப்புறம்தான் மணல்.
"மூணு தபா குதிக்கிறதுக்கு
ஒரே தபாவா குதிச்சா என்னா?"
என்றார் மீன்வண்டி பரந்தாமன்.

எனக்கு அவனைத் தெரிந்தது வேறு விதம்.
டைல்ஸ் வேலைக்கு என்னோடு வந்தவன், நான்கு மாதம்.
சிமெண்ட் காயாத தரையை மிதிக்காமல்
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
வாளியோடு போவான்.
தண்ணீர் சிந்தாது.
முந்நூறு ரூபாய் பாக்கி;
நான் அவனுக்கா, அவன் எனக்கா,
இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

ஐந்து முடிந்திருந்தது.
பதினாறு நாற்பத்தொன்று. தப்பு. பதினாறு அறுபத்தெட்டு.
மற்ற இரண்டும் அதைத் தொடவில்லை.
எட்டுப் பேரில் எட்டாவது.
அவன் அக்கா ரோஸ்லின்
செல்போனுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து
எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
போன வருஷம் முழுக்க அந்த இடது கணுக்காலுக்கு
ஐஸ் வைத்தவள் அவள்.

தெருமுனையில் ஒரு போன்
எங்கள் போனைவிட ஏழு நொடி முன்னால் ஓடுகிறது.
இங்கே அவன் தலைக்குமேல் கை தட்டிக்கொண்டு
இன்னும் ஓடவே தொடங்கவில்லை,
முனையிலிருந்து 'ஹோ'வென்று ஒரு சத்தம்.
விசில். ஏதோ பாத்திரம் உருண்டது.
பிறகு ஒன்றுமில்லை.
கேட்டில் நின்ற கூட்ஸ் ஒரு முறை மூச்சு விட்டது.
அந்த ஒன்றுமில்லாததைக் கையில் வைத்துக்கொண்டு
அவன் ஓடி வருவதைப் பார்த்தோம்.

பலகை.
வலதில் எழும்பி வலதிலேயே
டப்
அடுத்தது இடது
டப்
(ரோஸ்லின் கண்ணை மூடினாள், திரும்பிப் பார்க்காமலே)
மேலே போனவன் இறங்குவதற்கு
நேரம் பிடித்தது.
மணலோரம் பதினேழு என்று எழுதியிருந்ததைத் தாண்டித்தான்
குதிகால் புதைந்தது.

சிவப்புக் கொடி.

பலகைக்கு அப்பால் ஒரு நகக்கண் அளவு.
பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்கள்.
டேப்பை யாரும் நீட்டவில்லை.
மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி
நீளக் கம்புச் சீப்பை இழுத்து
அவன் விழுந்த இடத்தை நிரவிவிட்டுப் போனாள்.

"அளக்க மாட்டாங்களா?"
"தப்புன்னா அளக்க மாட்டாங்க."
"அதெப்படி, குதிச்சது குதிச்சதுதானே?"

என் பையில் டேப் இருந்தது. ஐந்து மீட்டர்.
குழாயடியில் ரோஸ்லினே நுனியைப் பிடித்தாள்.
ஒன்று, டிரான்ஸ்பார்மருக்குக் கொஞ்சம் முன்னால்.
சாக்பீஸ் கீறல். இரண்டு.
தஸ்தகீர் ஆட்டோவைத் தள்ளி வழிவிட்டான். மூன்று.
மூன்று முறை வைத்து எடுத்தும்
தூரம் மிச்சம் இருந்தது.
பதினேழுக்குமேல் எவ்வளவு என்று சண்டை.
பத்து சென்டிமீட்டர்தான் என்றான் தஸ்தகீர்.
இருபத்தைந்து என்றேன்.
இருபத்தைந்தே போட்டோம்.

எங்கள் வீடெல்லாம் பத்தடி அகலம்.
பரந்தாமன் விரல் விட்டு எண்ணினார்,
தூங்குகிறவர்களை எழுப்பாத குரலில்:
"அஞ்சு வூட்டத் தாண்டி
ஆறாவது வூட்டு நடுவுல போய் வுழுந்துருக்கான்."
பதினான்காம் நம்பர் வாசலில்
கோடு போட்டுவிட்டுப் படுக்கப் போனோம்.

காலையில் மெட்ரோ வாட்டர் ஆட்கள் வந்தார்கள்.
ஒரு மாதமாகப் புகார் கொடுத்த கசிவு.
கோட்டைப் பார்த்ததும்
இடம் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து
கடப்பாரையைப் போட்டார்கள்.
நான் சொல்லியிருக்கலாம்.
பல் தேய்த்துக்கொண்டு நின்றேன்.
பதினேழேகாலுக்குச் சற்று அப்பால்
மண் குவிந்தது, கறுப்பாக, ஈரமாக.
மத்தியானம் வரைக்கும்
யாரும் வந்து நிரவவில்லை.