பட்டமரத்தாணி

பசுமரத்தாணி என்று பாடத்தில் படித்தேன்.
எனக்குச் சோறு போடுவது
பட்ட மரத்து ஆணி.

ரே ரோடு ஸ்டேஷனுக்குப் பின்னால்
தகரக் கூரையின் கீழே
முதல் வேலை காந்தத்துக்கு.
பலகைமேல் அதை மெல்ல இழுத்துப் போவார் முஷ்டாக்,
வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைத் தேடும் நர்ஸைப் போல.
'டிக்' என்றால் ஆணி.
சத்தமில்லை என்றால்
ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.
பித்தளைத் திருகு காந்தத்துக்குப் பதில் சொல்லாது.
அப்படி ஒன்று, போன ஜூலையில்,
இழைப்பு மெஷினின் மூன்று பிளேடையும் தின்றது.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
பழைய மரம் மலிவு என்பவர்களுக்கு
அந்த ரசீதைக் காட்டுவேன்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள்.
லால்பாகில் இடித்த சாலின் உத்திரம்,
பர்மாத் தேக்கு, நூறு வருஷத்து அடுப்புப் புகையோடு.
தாருகானாவில் அறுத்த கப்பலின் கேபின் கதவு,
உள்பக்கம் யாரோ கீறி எண்ணிய நாட்கள்.
பெரும்பாலும் துறைமுகத்து பேலட்டுகள்தான்.
பைன், சுமாரான ஜாதி.
ஓரத்தில் எச்.டி. என்று முத்திரை இருந்தால்
சூட்டில் பதமானது, எடுப்பேன்.
எம்.பி. என்றிருந்தால் தொடமாட்டேன்,
பூச்சி சாக விஷப்புகை குடித்த மரம்.
அதில் குழந்தைக் கட்டில் செய்து விற்பவர்களை
எனக்குத் தெரியும்.
விலை பாதி.
தூக்கம் அவர்களுக்கும் வருகிறதாம்.

பிடுங்கிய ஆணி வாரத்துக்குப் பதினோரு கிலோ.
பழைய இரும்புக்காரர் தரும் காசு
சரியாகப் புதன் சாயங்காலம் வரை
டீக்கு ஆகும்.

அப்புறம் அந்த ஆர்டர்.
லோயர் பரேலில் புதுக் காபிக் கடை,
நாற்பது மேசை, இருபத்தோரு நாள்.
டெல்னாஸ் மேடம் மொபைலில் படம் காட்டினாள்.
"எல்லாம் பழசா இருக்கணும்.
ஆனா ஒரே மாதிரி பழசா இருக்கணும்."

கையிலிருந்த மரத்துக்கு இருபத்திரண்டுதான் வரும்.
மீதிக்கு முஷ்டாக் வழி சொன்னார்:
புது ரப்பர் மரம், சைக்கிள் செயினால் அடி,
டீ டிகாஷன், வினிகரில் ஊறிய இரும்பு நார்,
அங்கங்கே ஆணி அடித்துப் பிடுங்கு.
ஒரே மத்தியானத்தில் ஐம்பது வயசு.

நானே அடித்தேன்,
பொய் சொல்வதென்றால் என் கையாலேயே ஆகட்டும் என்று.
முதல் அடிக்குக் கூசியது.
பத்தாவதில் கை பழகிவிட்டது.
அதுதான் பயமாக இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.
செயினடி பட்டதைத் தடவிப் பார்த்து
"இதுதான் நிஜம் மாதிரி இருக்கு" என்றாள்.
அசலில் ஓட்டைகள் ரொம்ப ஒழுங்காம்.
இருக்காதா, அடித்தவன் தச்சன்.

பில் எழுதினேன்.
பழைய மரம் இருபத்திரண்டு.
புது மரம் பதினெட்டு.
கீழே கையெழுத்து, ஜெபக்கனி.
"ரெண்டாவது வரி வேண்டாமே," சிரித்தபடிதான் சொன்னாள்.
வேண்டும் என்றேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இருபத்திரண்டோடு ஆர்டர் நின்றது.
மீதி ஜோகேஸ்வரியில் யாருக்கோ போனது.
அந்த மாதத் தவணைக்கு என் ஸ்கூட்டர் போனது.
இப்போது அந்தக் கடையில் நுழைந்தால்
எந்த மேசை யார் கை என்று என்னால் சொல்ல முடியும்.
உட்கார்ந்திருப்பவர்களுக்கு முடியாது.
காபியும் எல்லாவற்றிலும் ஒரே ருசி.

செயினடி பட்ட சாம்பிள் மேசை
என்னிடமே தங்கிவிட்டது.
அதில்தான் கணக்கு எழுதுகிறேன்.
இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது,
கடல் காற்றில் உப்பி, மார்ச்சில் சுருங்கி.
ஒரு கால் தானாக ஆடக் கற்றுக்கொண்டது.
டீ வட்டங்களில் எது நாங்கள் பூசியது
எது குடித்து வைத்தது என்று
முஷ்டாக்கே குழம்புகிறார்.

நேற்று பில் கட்டைத் தொங்கவிட
அதன் ஓரத்தில் ஓர் ஆணி அடித்தேன்.
மூன்றே அடி, வழுக்கிக்கொண்டு இறங்கியது.
என்றைக்காவது யாரோ
இந்தப் பலகைமேல் காந்தத்தை இழுத்துப் போவார்.
அவருக்கு ஒரு 'டிக்'.