இரண்டரை அங்குலம்

மூன்று அங்குலக் குழாயை
வெய்யோ ஓசிக்குத் தந்தான்.
"நடு சைலன்சரைக் கழற்றி எறி,
ஐந்து சிலிண்டரும் வாய்விட்டுப் பேசட்டும்."
பேசின.
லாஹ்தியில், ஜனவரியில்,
மைனஸ் இருபத்து மூன்றில்,
காலை நாலு நாற்பதுக்கு,
ஆறு மாடிக் குடியிருப்பின் நடுமுற்றத்தில்
பேசின.

பெரிய வண்டி ஒன்றுமில்லை.
இருபது வயது வோல்வோ, ஸ்டேஷன் வேகன்,
பின்னால் எப்போதும் ஒரு பனிவாரி.
டர்போவுக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு,
கணினிக்குப் புதுப் பாடம்,
அகலமான இன்டர்கூலர்.
இவ்வளவுதான் என் பாவக் கணக்கு.
பழைய எக்ஸாஸ்டோடு அது
கம்பளிக்குள் இருமுகிறவன் மாதிரி இருந்தது,
அதனால்தான்.

நான் கிளம்பும் நேரமெல்லாம்
நான்காம் மாடியில் ஒரு சமையலறை விளக்கு எரியும்.
சாவியைத் திருப்பிய பிறகா, முன்பா
என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

இங்கே யாரும் கதவைத் தட்டிச் சண்டைக்கு வரமாட்டார்கள்.
கீழ்ப்படிக்கட்டுப் பலகையில் ஒரு தாள் தொங்கும்,
அவ்வளவுதான்; ஊரே படிக்கும்.
ஒன்பதாம் நாள் எனக்குத் தொங்கியது,
சலவை அறை அட்டவணைக்குப் பக்கத்தில்,
பென்சிலில்:

"சாம்பல் வோல்வோக்காரருக்கு.
குளிரில் ஒரு டிக் டிக் கேட்கிறது.
சூடானதும் மறைகிறது.
குழாய் அல்ல. மேனிஃபோல்டு கேஸ்கெட்,
அநேகமாக ஐந்தாவது சிலிண்டரில்.
முதலில் அதைப் பாருங்கள்.
நான்காம் மாடி."

வசவுக்கென்று தயார் செய்து வைத்திருந்த முகத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை கையுறையோடு பிரித்தேன்.
ஐந்தாவதேதான்.
ஒரு ஸ்டட் முறிந்து,
மை கொட்டியதுபோல் கரி.

தாளின் அடியில் எழுதினேன்:
"நன்றி. சரி செய்தாயிற்று.
இனி மூன்றா, இரண்டரையா?"

இரண்டு நாள் பதில் இல்லை.
பிறகு ஒற்றை வரி:
"எந்தச் சுற்றில் வாழ்கிறீர்கள்?"

ஏதோ தத்துவம் என்று நினைத்து
லிஃப்டில் நின்று கொஞ்சம் கலங்கினேன்.
அவர் கேட்டது ஆர்பிஎம்.

கணக்குப் பார்த்தேன்.
வாரம் ஐந்து நாள்
யார்வென்பா குளிர்க்கிடங்குக்குப் போக வர,
நெடுஞ்சாலையில் குளிர்கால நூறு,
முள் இரண்டாயிரத்து முந்நூறில் நிற்கும்.
மூன்று அங்குலம் முனகுவதும்
மிகச் சரியாக அங்கேதான்.
உச்சந்தலைக்குள் ஒரு வண்டு,
ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைக்கிறார்
என்று தோன்றும்.
ஆறாயிரத்தைத் தொட்டது?
ஹெய்னோலா பக்கச் சரிவில், ஒரு ஞாயிறு,
பதினோரு விநாடி.
டைனோ காகிதத்தில் மலையின் உச்சியை
வட்டமிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன்.
குடியிருப்பதோ அடிவாரத்தில்.

உண்மையான எடையைச் சொல்கிறவன் கூச்சத்தோடு
"2300" என்று எழுதினேன்.

"அப்படியானால் இரண்டரை.
நடு சைலன்சர் இருக்கட்டும்,
பின்னால் உள்தடுப்பில்லாத வகை.
ஐந்தின் குரல் அதிலும் கேட்கும்.
கத்தினால்தான் கேட்கும் என்றில்லை."

வெய்யோ சிரித்தான்,
"ஏழு குதிரை போச்சு."
போகட்டும்,
அதுகளை எங்கே கட்டித் தீனி போடுவது.
ஓனெர்வா பட்டறையில் பற்றவைத்தாள்,
துருப்பிடிக்காத எஃகு,
ஒவ்வொரு தையலிலும் நீலமும் வைக்கோல் மஞ்சளும்.
ஆண்டுச் சோதனைக்குத் தாங்குமா என்றேன்.
தோளைக் குலுக்கினாள். தாங்கும் என்று அர்த்தம்.

இன்று மைனஸ் பதினெட்டு.
சாவியைத் திருப்புவதற்கு முன்னால்
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன்.
விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.
ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

முதல் நிமிடம் உறுமத்தான் செய்யும்,
கேட்டலிஸ்ட் சூடேற வேண்டும், வேறு வழியில்லை.
பிறகு முள் இறங்கி,
அடித்தொண்டையில் அந்த ஒற்றைப்படைத் தாளம்.
டிக் டிக் இல்லை.

ஜன்னல் மூடிக்கொண்டது.
சம்மதமா, குளிரா, தெரியவில்லை.
சாயங்காலம்
பலகையைப் பார்த்தால் போயிற்று.