பக்கத்திரை

ஏகாம்பரம் மின்வாரியத்தில் யு.டி.சி.
ஆறரைக்கு மேல் ராஜா.
ராணியைச் சந்தேகித்து
மேலாடையால் கழுத்தை நெரிக்கும் ராஜா.
பக்கத்திரைக்குள் நோட்டைப் பிடித்தபடி
வசனம் எடுத்துக்கொடுப்பவன் நான்.

முப்பதாவது நாடகம்வரை
தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரம் துடைப்பார்,
"சைதாப்பேட்டை கடைசி பஸ் போயிருக்குமோ?"
அப்புறம் எண்ணெய் கேட்கவில்லை.
சில்லறை தராத கண்டக்டரைப் பார்த்து
"யாரங்கே!" என்றார். சிரித்தோம்.

ஒருநாள் கேன்டீனில், காப்பியை ஆற்றிக்கொண்டே:
"வாசலில் யார் செருப்பு என்றேன்.
தம்பியோடது என்கிறாள்."
நோட்டில் இல்லாத வசனம்.
நான் போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று நூறாவது. எழும்பூரில் மழை.
மூன்றாம் வரிசையில் அவர் மனைவி கோமளம்,
மடியில் ஈரக்குடை.
கடைசிக் காட்சி. மேலாடை இரண்டு சுற்று சுற்றியாயிற்று.
"அமுதவல்லீ" என்று அலற வேண்டிய இடத்தில்
மெதுவாக,
வீட்டில் தண்ணீர் கேட்கிற மாதிரி,
"கோமு" என்றார்.

ராணி வேஷக்காரி என்னைப் பார்த்தாள்.
என் விரல் சரியான வரியில்தான் இருந்தது.
அமுதவல்லி, என்றேன்.
இன்னும் சத்தமாக, அமுதவல்லி.
சபை கைதட்டிக்கொண்டிருந்தது.
அதற்குள்ளும் ஒரு குடை விழுந்தது கேட்டது.

கயிற்றுக்காரனுக்குக் கைகாட்டினேன்.
நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி.