மருந்து வழங்குமிடம்

என் ஜன்னலில் ஓர் அரைவட்ட ஓட்டை.
நெஞ்சு உயரத்தில் வைத்துவிட்டார்கள்.
பத்தொன்பது வருடமாகக்
கைகளுக்குத்தான் மருந்து கொடுத்து வருகிறேன்.

தறிக்காரர் கை, சாயம் ஏறிய நகக்கண்.
தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்ணின் கை,
விரலிடுக்கில் காய்ந்த பசை.
பீடிக்கை தனி.
சீட்டு நீளும்போதே எனக்குத் தும்மல் வரும்.

அப்படி ஒரு கை
ஆடியிலிருந்து மாசி வரை பதினான்கு தடவை வந்தது.
தேசம்மாள். பெயர் மட்டும் தெரியும்.
உச்சி எரியுது. கை கால் ஓஞ்சி போவுது.
நெஞ்சுல ஒரு உருண்டை கீது,
ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது.
பதினான்கு தடவையும்
பி காம்ப்ளெக்ஸ், கால்சியம், பாரசிட்டமால்.

பழைய டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன்.
ஒரு மணிக்குள் நூற்றிருபது பேர்.
கழுத்துக்கு மேலே தொண்டைப்புண், காதுச்சீழ்;
அதற்கும் மேலே ஏற அவருக்கு நேரமில்லை.

நாங்கள் இருப்பது குடியாத்தத்துக்குப் பக்கம்.
வைகாசி ஒன்றாம் தேதி
கெங்கையம்மன் சிரசைத் தனியே தூக்கி
தெருத்தெருவாக ஊர்வலம் வந்து
உடம்போடு பொருத்துகிற ஊர்.
நானும் லீவு போட்டுப் போய்
கூட்டத்தில் நின்று தேங்காய் உடைத்திருக்கிறேன்.
ஒருநாளும் எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

புது டாக்டர் தஸ்னீம்
வேலூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்
ஒரே ஒரு கேள்வியோடு திரும்பினார்:
தூக்கம் எப்படிம்மா?
கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, சும்மா இருப்பார்.
அந்தச் சும்மாதான் கஷ்டம்.
அன்று தேசம்மாள் உள்ளே போய்ப் பதினோரு நிமிடம்.
வரிசை கொதித்தது:
உள்ள இன்னா, பாரதம் படிக்கிறாங்களா?

பன்னிரண்டாம் நிமிடம் சீட்டு வந்தது.
இரும்பு அலமாரியின் பின்வரிசையிலிருந்து
தூசி தட்டி எடுத்தேன் அந்தப் பட்டையை.
காலாவதிக்கு இன்னும் இரண்டு மாதம்.
இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு, என்றேன்.
கை நகரவில்லை.

இது பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரையா?

இதற்கு யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை.
குனிந்தேன்.
ஓட்டையோரம் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.
ஒரு மூக்குத்தி. அழுது சிவந்த மூக்கு.
என்னைவிடப் பத்து வயது இளைய முகம்.
சீட்டில் முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தும்
விரல்களை வைத்து அறுபது என்றே நினைத்திருந்தேன்.
பிரஷர் மாத்திரையும் இதே ஓட்டையிலதாம்மா தர்றேன், என்றேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.
கை பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டது.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லவில்லை.
சித்திரையில் இருப்பு தீர்ந்தது.
மூன்று கடிதத்துக்கு ஒரு பதில்: அடுத்த ஒதுக்கீட்டில்.
நர்ஸ் கோமளவல்லி ஸ்கூட்டியில் பக்கத்து நிலையத்துக்குப் போய்
முப்பது மாத்திரை கடன் வாங்கி வந்தார்,
பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்குவதுபோல.
தறிக்காரர் ஒருவர் தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதும்
எழுந்து போய்விட்டார்;
அல்சர் மாத்திரை போதுமாம்.
வரிசை இன்னும் முணுமுணுக்கிறது. நியாயம்தான்.

ஓட்டையை ஓரடி உயர்த்தித் தரும்படி எழுதினேன்.
மதிப்பீடு அனுப்பச் சொன்னார்கள்.
அதுவரைக்கும்
குளுக்கோஸ் பாட்டில் வந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
அதில் உட்கார்ந்து கொடுக்கிறேன்.
எழுந்தால் முட்டி கிறீச்சிடுகிறது.
முகம் தெரிகிறது.

போன செவ்வாய் தேசம்மாள் வந்தாள்,
இடுப்புவலிச் சீட்டோடு.
தைலத்தை நீட்டிக்கொண்டே கேட்டேன்:
தூக்கம்?

நீங்களுமா, என்று சிரித்தாள்.
பிறகு, பின்னால் எட்டுப் பேர் நிற்க,
பேச ஆரம்பித்தாள்.