நடவடிக்கைக் குறிப்பு

சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில்
கூட்டக் குறிப்பு தட்டச்சு செய்வது என் வேலை.
சொன்னதை நான் எழுதுவதில்லை.
சொன்னதாக இருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

முதல் அமர்வில் பேச்சித்தாய் காணி
"எங்க காட்டை எங்ககிட்ட குடுக்க
எதுக்கு இத்தனை நாற்காலி?" என்றாள்.
மனுதாரர்கள் தங்கள் உரிமைகோரலை முன்வைத்தனர்.

இரண்டாவதற்கு வனச்சரகர் வரவில்லை, தேநீர் வந்தது.
மூன்றாவதற்கு வரைபடம் வந்தது.
அவர்கள் குடியிருப்பு இருந்த இடம்
பச்சையாக இருந்தது,
வெறும் பச்சையாக.

ஆதாரம் கேட்டோம்.
தீர்வை ரசீது, பழைய அட்டை, ஏதாவது.
மூட்டுக்காணி ஈச்சன் எழுந்தார்:
"சித்திரையில அணை வத்தும். அப்ப வாங்க.
அம்மி கெடக்கும், பலாமரத்துக் குத்தி தெரியும்."
அது ஐப்பசி.
ஆறு பாலத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது.
'ஆதாரம் தற்சமயம் நீருக்குள்' என்று தட்டினேன்.
அழித்தேன்.
ஆதாரம் பின்னர் சமர்ப்பிக்கப்படும்.

நில அளவர் ஒரு வேடிக்கை வைத்திருந்தார்:
"பழைய வாய்பாட்டுல காணின்னா எண்பதுல ஒண்ணு.
எண்பது ஏக்கர் கேக்கீங்க,
பேருக்கேத்த மாதிரி வாங்கிக்கிடுங்க."
மேசைக்கு இந்தப் பக்கம் சிரித்தார்கள். நானும்தான்.
அந்தப் பக்கம் பேச்சித்தாய் சிரிக்கவில்லை.
"நிலத்துக்கே எங்க பேரத்தான் வச்சிருக்கீங்க.
பெறவு ரசீது வேற கேக்கீங்க."
குறிப்பில் இதற்குப் பத்தி இல்லை.

ஆறு, ஏழு, எட்டு.
தேன்பாறை நிலமா, விளைபொருளா?
ஈத்தல் வெட்டலாமா, எத்தனை கட்டு?
மீன்பிடி உரிமை வந்தது, வலைக்கண் அளவோடு.
ஏக்கர்கள் சென்ட்டுகளாக இறங்கின.
இடுகாடு கைவிட்டுப் போய்
இரண்டு அமர்வு கழித்துத் திரும்பி வந்தது,
வேலிக்கு வெளியே.
புலிக்கு எவ்வளவு என்று ஈச்சன் கேட்டார்.
அது இந்தக் குழுவின் வரம்புக்குள் இல்லை என்றோம்.

பதினோராவது அமர்வு. வாசகத்தை உரக்கப் படித்தேன்.
"மேற்படி நிலம் இதன்மூலம் வழங்கப்படுகிறது."
பேச்சித்தாய் கையைத் தூக்கினாள்.
"யாரு வழங்குதா?"
"அரசு."
"அரசுக்கு யாரு வழங்குனா?"

மின்விசிறி ஒரு முழுச் சுற்று சுற்றியது.

சைக்கிள் கொட்டகையில் கூடிப் பேசினார்கள்.
ஒருத்தன் கோபமாய் வெளியே போய்
பீடி வாங்கிக்கொண்டு திரும்பினான்.
நாற்பது நிமிடம் கழித்து ஈச்சன் சொன்னார்:
"ஓடைக்கு மேக்க உள்ள மூணு ஏக்கரை
நீங்களே வச்சிக்கிடுங்க.
அந்தச் சொல்லை மட்டும் மாத்துங்க."

நில அளவர் பேனாவை மூடினார்.
இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில்
ஒரு வினைச்சொல் மூன்று ஏக்கருக்குப் போய்
நான் பார்த்ததில்லை.
திருத்தித் தட்டினேன்:
ஒப்புக்கொள்ளப்படுகிறது.
விரல் கொஞ்சம் தடுமாறியது,
ஒற்றுப்பிழை.

உரிமைச் சான்றுகள் சென்னையில் அச்சாகி வந்தன.
இருபத்தேழிலும் பழைய சொல்.
"சாரி, மாதிரிப் படிவம் அப்படி" என்றார் சார் ஆட்சியர்.
பேச்சித்தாய் என் மேசையில் இருந்து
அடிக்கோலை எடுத்தாள்.
ஒவ்வொன்றாக அடித்தாள், மேலே எழுதினாள்,
ஒவ்வொன்றுக்கும் அவரைச் சுருக்கொப்பம் போடவைத்தாள்.
பத்தொன்பதாவதில் அவர் பேனா மை தீர்ந்தது.
என்னுடையதைக் கொடுத்தேன்.

மறு வாரம் வரைபட நகலோடு மலைக்குப் போனேன்.
பாபநாசம் சோதனைச் சாவடியில் பதிவேட்டை நீட்டினார்கள்.
பெயர், ஊர், நோக்கம்.
எனக்கு மேல்வரியில் பேச்சித்தாய்.
நோக்கத்துக்கு நேரே காவலர் கையெழுத்தில்
'சுற்றுலா.'

நூலில் கட்டிய பேனா.
அந்தச் சொல்லை அடித்தேன்.
மேலே எதை எழுத,
யார் சுருக்கொப்பம் போட என்று நிற்கையில்
காரையாறு பேருந்து
பின்னாலிருந்து ஒலியடித்தது.