ரெண்டரையைக் கழி

திமிலைதீவில் எங்கள் கிணற்றடியில் நின்றால்
வேலிக்கு அப்பால் ஓடுபாதை தெரியும்.
எப்போதாவது ஒரு சின்ன விமானம் இறங்கும்.
மேய்கிற மாடுகள் தலை தூக்காது.
நானோ விமானம் ஏற
இரவு முழுக்க ரயிலில் போகவேண்டும்.

தார்த்து என்று ஒரு ஊர், எஸ்தோனியாவில்.
ஐந்து மாதம், மண் ஆய்வுகூடம்.
ஓகஸ்ட் இருபத்தெட்டு, காலை ஒன்பதுக்கு
அங்கே நிற்கவேண்டுமென்று கடிதம்.
உதவித்தொகை போய்ச் சேர்ந்த பிறகுதான்.
டிக்கெட் காசு அம்மாவின் சீட்டில் கிடக்கிறது,
சீட்டு விழப் பதினைந்தாம் திகதி ஆகும்.
விலை பார்க்கப் பார்க்க ஏறுகிறது.
நான் பார்ப்பதால்தான் ஏறுகிறதோ என்று
இரண்டு நாள் பார்க்காமல் இருந்தேன்.
அப்போதும் ஏறியிருந்தது.

கொப்பியில் கோடு போட்டேன்:
மட்டக்களப்பு, கோட்டை, கட்டுநாயக்க,
தோகா, ஹெல்சிங்கி, தலின்,
பிறகு ஒரு பஸ்.
குடும்பப்பெயர் என்ற கட்டத்தில்
மயில்வாகனம் என்று அப்பாவை எழுதினேன்.
பஸ் கல்லடிப் பாலம் தாண்டினாலே
சத்தி எடுக்கிற மனிசன்
டிக்கெட்டில் எனக்கு முன்னால் பறக்கப்போகிறார்.
"பேரிலயே வாகனம் இருக்குத்தானே" என்று சிரித்தார்.

இரண்டு வழி இருந்தது.
ஒன்றில் தோகாவில் ஒரு மணி ஐம்பது நிமிடம்.
மற்றதில் ஒன்பதே கால் மணித்தியாலம்,
பதினெட்டாயிரம் குறைவு.
ஏறுவது நாலு பத்து, இறங்குவது ஆறு நாற்பது.
"ரெண்டரை மணித்தியாலத்தில தோகாவா?"
என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.
"இஞ்ச நேரத்தில ரெண்டரையைக் கழி, புள்ள.
அதான் அங்க நேரம். ஓட்டம் அஞ்சு மணித்தியாலம்."
கத்தி நிற்கவேயில்லை.

ஆறு வருசம் அங்கே இருந்தா.
நான் மூன்றாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை.
வெள்ளிக்கிழமைகளில் சித்தி வீட்டுப் போனில் அந்தக் குரல்,
பின்னால் ஒரு பொடியன் அழுகிற சத்தம்,
"பொறு, ஜாசிம் எழும்பிட்டான்,"
பிறகு ஒன்றும் கேட்காது.
அந்த ஆறு வருசமும்
என் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தைக்
கழித்துக் கழித்துப் பார்த்திருக்கிறா.

"நீளமானதையே எடன்" என்றா.
"ஒம்பது மணித்தியாலம் கதிரையிலயா?"
"கதிரை நல்லம். குளிர்தான் கூட.
ஒரு சால்வையைக் கைப்பையில வை."
சட்டி கழுவி, கையைத் துடைத்து,
செதிலை எல்லாம் கூட்டி அள்ளிய பிறகு,
"ஜாசிமுக்கு இப்ப பதினேழு இருக்கும்" என்றா.
"வந்தானெண்டா ஒருக்காப் பாக்கலாம்."

விதியை வாசித்துக் காட்டினேன்.
விசா இல்லாமல் என்னை வெளியே விடமாட்டார்கள்.
டிக்கெட் இல்லாமல் அவனை உள்ளே விடமாட்டார்கள்.
அவனுடைய நம்பரும் எங்களிடம் இல்லை.
"தெரியும். சும்மா சொன்னன்."

அன்றிரவு எனக்குக் கோபம் வந்தது,
கண்டேயிராத ஒரு பொடியன் மீது.
என் சாமத்தியச் சடங்கு வீடியோவில்
ஆலாத்தி எடுப்பது சித்தி.
அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சலாம்.

சீட்டு விழுந்தது.
பதினாறாம் திகதி, ஒன்பதே காலை வாங்கினேன்.
பதினெட்டாயிரத்துக்காக என்று கொப்பியில் இருக்கிறது.
காலை ஆறு நாற்பதிலிருந்து
பின்னேரம் மூன்று ஐம்பத்தைந்து வரை
கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை பிடித்து
சால்வையைப் போர்த்துக்கொண்டு இருப்பேன்.
வெளியே அந்த வெயில் எப்படி எறிக்கிறதென்று பார்க்கலாம்.
அம்மா போன் எடுத்தால்
இங்கே என்ன நேரமென்று கேட்கமாட்டா.

மிச்சம் ரயில்தான்.
மற்றதெல்லாம் நிமிடக் கணக்கில் எழுதியாயிற்று.
புனானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவில்
தண்டவாளத்தில் யானை நின்றால்
எவ்வளவு விட்டுவைப்பதென்றுதான் தெரியவில்லை.
ஒரு நாள் முந்திப் போ என்கிறார் அப்பா.
ரெண்டு நாள் என்கிறா அம்மா.