குறை சொல்லி விற்றது

அந்தியூர்ச் சந்தையில் ஆடி மழை
வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு
பர்கூர் மலைப்பக்கம் போய்விட்டது.
பந்தலுக்குள் மின்விசிறிக் காற்றில் மார்வாரிகள்.
விலை கேட்டவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.
நான் தேடியது வேறு:
காளப்பட்டியில் என் பள்ளிக்கு,
பத்து வயசுப் பிள்ளைகளைச் சுமந்து
மூன்றடிக் கட்டையைத் தாண்ட
ஒரு மட்டக்குதிரை.

லாரிகள் நிற்கிற ஓரம்
புளியமரத்தில் கட்டியிருந்தது செவலை.
பல்லைப் பார்த்தேன், ஆறு வயசு.
சுழியை மஸ்தான் பாய் பார்த்தார்.
குளம்பைத் தூக்கினால் கொடுத்தது, உதைக்கவில்லை.
அப்புறம் ஏன் மூன்று நாளாக
இதை யாரும் கேட்கவில்லை?

பச்சியண்ணன் பீடியை அணைத்தார்.
"கொறைய மறைச்சு விக்கறதில்லீங் அம்மிணி.
இது வேலி தாண்டுமுங்.
கிளுவை வேலி, கம்பி வேலி, ஒண்ணும் நிக்காது.
இட்டேரியில நின்னாப்ல நின்னு ஒரே எகிறு.
விடிஞ்சு பாத்தா பக்கத்துக் காட்டுச் சோளத்துல நிக்கும்.
தெண்டம் கட்டியே அழிஞ்சேனுங்."

நெஞ்சு எகிறியதை
முகத்துக்கு வராமல் இழுத்துப் பிடித்தேன்.
எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை.
"ஐயையோ" என்றேன்.
அந்த ஐயையோவுக்குப்
பத்தாயிரம் குறைந்தது.

துண்டுக்குள் என் கையைப் பிடிக்கப்
பாய்க்குக் கூச்சம்.
டிரைவர் ரங்கராசு எனக்காக விரல் கொடுத்தான்.
நான் அவன் செருப்பை மிதித்துக்கொண்டே இருந்தேன்:
இறக்கு, இன்னும் இறக்கு.

நாற்பத்திரண்டில் முடிந்தது.
பச்சியண்ணன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டார்,
என் கயிற்றை நான் மாட்டினேன்.
டெம்போவில் ஏற்றிய பிறகு ஓடி வந்தார்.
ஆயிரம் ரூபாயைத் திருப்பி நீட்டினார்.
"வேலிய ஒசத்தி அடிச்சுக்குங்க."

கை கூசியது.
வாங்கிக்கொண்டேன்.

காளப்பட்டி மணலில்
முதல் வாரம் ஓரடிக் கட்டை.
வந்தது, மோந்தது, சுற்றிக்கொண்டு போனது.
இரண்டாம் வாரம் கட்டையைத் தரையிலேயே கிடத்தினேன்.
அதையும் சுற்றிக்கொண்டுதான்.
பிள்ளைகள் "பைபாஸ்" என்று பேர் வைத்துவிட்டார்கள்.
குதிரை அதற்குக் காதைத் திருப்ப வேறு செய்கிறது.

பச்சியண்ணனுக்குப் போன் போட்டேன்.
எல்லாம் சொன்னேன்,
தாண்டுமென்றுதான் வாங்கினேன் என்பதையும்.
அங்கே கொஞ்ச நேரம்
ஆடு கத்துகிற சத்தம் மட்டும்.

"கட்டைக்கு அக்கட்ட என்ன இருக்குதுங் அம்மிணி?"

"ஒண்ணுமில்லைங்க. மணல்."

"ஒண்ணுமில்லாததுக்கு
அது எதுக்குங் தாண்டோணும்?"

கோபமா சிரிப்பா என்று பிடிபடாத குரல்.
மழை பெய்ததா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
அங்கேயும் இல்லையாம்.

நாளைக்குச் சோளத்தட்டு அரைக்கட்டு
பச்சையாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.
ரங்கராசு காசு கேட்டபோது
பர்ஸின் உள்பையில் மடித்து வைத்த
அந்த ஆயிரம் வரை போன விரல்
வேறு நோட்டை எடுத்தது.